எழில்மதி பாடினாள், நாங்கள் கை தட்டினோம்

வீடு ஒன்று, வீட்டுக்குப் பின்னால் இரண்டு மலை, மலைக்கு நடுவில் சூரியன், ஓரத்தில் ஒரு தென்னை மரம். நாலு வருடமாக இதே படத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பூத்துவிட்டது. கல்வராயன் மலையை ஜன்னல் வழியாகத் தினமும் பார்க்கிற பிள்ளைகள்தான். அங்கே எந்த வீட்டு ஓரத்தில் இப்படித் தென்னை நிற்கிறது என்று ஒருத்தியாவது யோசிக்க வேண்டுமே. “உங்க மனசுல இன்னா இருக்குதோ அத வரைங்க” என்று நான் சொல்வேன். அவர்கள் தென்னை மரத்தை வரைவார்கள். நான் அதைப் போனில் படம் எடுத்து, கீழே ‘பாதுகாப்பு உணர்வு வெளிப்படுகிறது’ என்று எழுதி ஆபீசுக்கு அனுப்புவேன்.

என் பெயர் பாரதி. கச்சிராயபாளையத்தில் கரும்பு போடுகிற குடும்பம். கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன டிரஸ்டில் எனக்கு வேலை. வேலைக்கு ‘வழித்துணை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்று மாணவியர் விடுதிகள், மொத்தம் அறுபத்தாறு பெண்கள். படம், பாட்டு, களிமண், நாடகம் என்று எதையாவது செய்யவைத்து, அவர்கள் மனதில் அடைத்துக்கொண்டிருப்பதை வெளியே கொண்டுவர வேண்டும். வந்த பிறகு என்ன செய்வது என்பதற்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மதியம் பிரியாணி போட்டார்கள். அதற்குப் பிறகு சொன்னதில் பாதி யாருக்கும் காதில் ஏறவில்லை. முதல் வருடம் ஓடி ஓடி வேலை பார்த்தேன். இப்போது பஸ்ஸில் ஏறினால் இறங்கவே மனது வருவதில்லை. எனக்கு வாய் ஜாஸ்தி, பொறுமை கம்மி. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்று மாதம் ஒருமுறையாவது தோன்றும்.

டிரஸ்டை நடத்துகிற தனசேகரன் சார் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு மாதம் ஒரு கதை வேண்டும். “மாறின பொண்ணு ஒருத்திய காட்டுங்க பாரதி. வெறும் படமா அனுப்புனா பாக்கறவங்களுக்கு இன்னா புரியும்?” என்பார். பொண்ணு என்ன, துணியா, நனைத்துப் பிழிந்தால் நிறம் மாறுவதற்கு? இப்படிக் கேட்க நாக்கு துறுதுறுக்கும். கேட்டதில்லை.

பொங்கல் கழிந்து இரண்டாவது சனிக்கிழமை, ஒரு விடுதிப் பெண்கள் இருபத்திரண்டு பேரை மட்டும் அழைத்துக்கொண்டு மலைமேல் கரியாலூரில் இரண்டு நாள் முகாம் போட்டோம். அருவிக்குப் போகிறவர்கள் தங்குகிற ஒரு கூடம் கிடைத்தது. விடுதி வார்டன் வந்தார். சமையலுக்கு விடுதியிலேயே சமைக்கிற ஆயம்மாள் அக்கா அண்டா, கரண்டி சகிதமாக வந்தாள். ஐம்பது வயதிருக்கும். யாரிடமும் அதிகம் பேசமாட்டாள். மலைக் குளிரில் எனக்கு முதல் நாளே தொண்டை கட்டிவிட்டது. எப்போது ஞாயிறு சாயங்காலம் வரும், எப்போது கீழே இறங்கிப் படுப்போம் என்றிருந்தது.

அந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்திதான் எழில்மதி. பிளஸ் ஒன் படிக்கிறாள். மூங்கில்துறைப்பட்டு பக்கத்து ஊர். அப்பா, அம்மா இரண்டு பேரும் கரும்பு வெட்டுகிறவர்கள். போன மார்ச்சில் அம்மா இறந்துவிட்டாள். நெஞ்சு வலி என்று கரும்புக் கொல்லையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு எழில்மதி அழுது யாரும் பார்க்கவில்லையாம். என் முதல் வகுப்பில் எல்லாரும் தென்னை மரம் வரைந்துகொண்டிருக்க, இவள் வெள்ளைத்தாளை அப்படியே திருப்பிக் கொடுத்தாள். “வேற யாருக்காச்சும் ஆவும் மிஸ்.” அன்றைக்குப் பிடித்த பிடிவாதம் எனக்கு. இவள் ஒருத்தி வாயைத் திறந்தால் போதும், இந்த வேலை வீணில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆறு மாதம் களிமண்ணை உருட்டவைத்தேன், காகிதத்தைக் கிழிக்கவைத்தேன், முகமூடி செய்யவைத்தேன். சொன்னதையெல்லாம் செய்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

டிசம்பர் கடைசியிலிருந்து அவளிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. மற்ற பெண்களுக்குத் தலை வாரிவிட்டாள், சிரித்தாள். தன் ஸ்கெட்ச் பேனாக்களைப் பக்கத்துக் கட்டில்காரிக்குக் கொடுத்தாள். புதுச் சுடிதாரை ஒருத்திக்கு, நல்ல செருப்பை இன்னொருத்திக்கு. நான் நோட்டில் ‘பகிர்ந்துகொள்ளும் பழக்கம் கூடியிருக்கிறது’ என்று எழுதினேன். எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. அந்த வரியை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பாட்டு வகுப்பு. அவரவர் ஊரில் கேட்ட பாட்டைப் பாட வேண்டும் என்று சொன்னேன். ஆளாளுக்கு சினிமாப் பாட்டாக எடுத்துவிட்டார்கள். எட்டாவது ஆளாக, கூப்பிடாமலே எழுந்து முன்னால் வந்து நின்றாள் எழில்மதி.

“எங்கம்மா பாடுற பாட்டு மிஸ்” என்றாள். “சாவு வூட்ல பாடுறது.”

கூட்டத்தில் சலசலப்பு. முன்வரிசையில் ஒருத்தி, “மிஸ், சாவு இல்லாத எடத்துல ஒப்பாரி பாடக்கூடாது மிஸ். ஆவாது” என்றாள்.

“அதெல்லாம் ஒண்ணும் ஆவாது. நீ பாடு எழில்” என்றேன் நான். பெரிய சீர்திருத்தக்காரி மாதிரி. ஓடிப்போய் போனை ஸ்டாண்டில் மாட்டி வீடியோவைப் போட்டேன்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துப் பாடினாள்.

நாத்தங்கால் பசுமையில
நான் பெத்த பச்சக்கிளி
கதிரு விடும் முன்னால
கருக்கருவா பாஞ்சதென்ன

மாலைக்கு மல்லி வெச்சேன்
மொட்டு இன்னும் விரியலியே
பொட்டியில சேல வெச்சேன்
மடிப்பு இன்னும் கலையலியே

இன்னும் நாலைந்து அடி இருந்தது. குரல் உடையவில்லை, நடுங்கவில்லை. அம்மாவை இழந்தவள் அம்மாவின் குரலிலேயே பாடுகிறாள், அம்மா மேலிருந்து மகளைப் பார்த்து அழுவதாகக் கற்பனை செய்திருக்கிறாள் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் நிறுத்தியதும் முதலில் கை தட்டியது நான்தான். என்னைப் பார்த்து வார்டன் தட்டினார், பிறகு எல்லாப் பெண்களும் தட்டினார்கள். கூடமே அதிர்ந்தது. எழில்மதி கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

வெளிப்படியில் உட்கார்ந்து, சிக்னல் கிடைத்ததும் வீடியோவைத் தனசேகரன் சாருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில். ‘அழுதுட்டேன் பாரதி. நாலு வருஷத்துல இதான் பெஸ்ட்.’ அடுத்த அரை மணியில் டிரஸ்ட் பக்கத்தில் போட்டுவிட்டார், விடுதிப் பெற்றோர் குரூப்பிலும் போட்டுவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் அலைச்சலுக்கு ஒரு பலன் வந்ததே என்று தொண்டைவலிகூட மறந்துபோனது.

மதியச் சாப்பாட்டில் சாதம் குழைந்திருந்தது. “இன்னாக்கா, பொங்கல் முடிஞ்சி போச்சே, திரும்ப வெச்சிட்டியா?” என்று ஆயம்மாளைக் கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து அடுப்புப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

“அந்தப் பொண்ணு பாடிச்சே, யாருக்குப் பாடிச்சின்னு உனக்குத் தெரியுமா மிஸ்ஸம்மா?”

“அவங்கம்மாவுக்கு.”

“இல்லம்மா.” குரலை இறக்கினாள். “கட்னவன் உசுரோட இருக்கசொல்ல பொம்பள செத்தா, மஞ்சளப் பாடுவாங்க, குங்குமத்தப் பாடுவாங்க. மஞ்சளோட போற மவராசின்னு பாடுவாங்க. இவ பாட்டுல மஞ்சள் வந்துச்சா? பொட்டு வந்துச்சா? விரியாத மொட்டு, மடிப்பு கலையாத சேல. அது கல்யாணம் ஆவாத பொண்ணு செத்தா, பெத்தவ உக்காந்து பாடுறது.”

எனக்கு உடனே புரியவில்லை. என்னை மாதிரி ஆளுக்கு எப்படிப் புரியும்? எங்கள் பெரியப்பா செத்தபோது ஒப்பாரிக்குக் கூலிக்கு ஆள் பிடித்து, மைக் வைத்துவிட்டு, நாங்கள் உள்ளே உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“ஒருவேளை அவளுக்கு அந்த ஒரு பாட்டுதான் தெரியுமோ என்னவோ” என்றேன்.

“அவங்கம்மாவ எனக்குத் தெரியும்மா. எங்க அக்கா வூட்டுச் சாவுக்கு வந்து பாடியிருக்குது. இந்தப் பொண்ணு அப்ப இத்துனூண்டு, மடியில உக்காந்துக்கினு அடியெடுத்துக் குடுக்கும். அதுக்குத் தெரியாத பாட்டே இல்ல. தெரியாம மாத்திப் பாடாது.” ஆயம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. “அது தனக்குத்தானே பாடிக்கிச்சிம்மா. ஓடி வந்து நிறுத்தலாம்னு பாத்தேன். நீங்கல்லாம் படிச்சவங்க, கை தட்டிக்கினு இருந்தீங்க. நான் இன்னா சொல்றது?”

சுடிதார், செருப்பு, ஸ்கெட்ச் பேனா எல்லாம் அந்த இடத்திலேயே எனக்கு நினைவுக்கு வந்தன. அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்க வேண்டும், கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. பயிற்சியில் நான் தூங்காமல் கேட்ட விஷயங்களில் இதுவும் ஒன்று. அறுபத்தாறு பெண்களில் ஒருத்தியிடமும் நாலு வருடத்தில் நான் அதைக் கேட்டதில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அதனால்தான் களிமண்ணை உருட்டச் சொன்னேனோ என்னவோ. எழில்மதி குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். மற்ற பெண்கள் உள்ளே படுத்திருந்தார்கள். நான் குழாய் வரை போனேன், திரும்பினேன், மறுபடி போனேன். மூன்றாவது முறை பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன்.

“எழில், செத்துப் போயிடலாம்னு நெனைக்கிறியா?”

“இல்ல மிஸ்.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ‘இல்ல மிஸ்’ என் காதில் தேனாகப் பாய்ந்தது. எழுந்து ஓடிப்போய் ஆயம்மாளிடம், உனக்கு வீண் பயம் அக்கா என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடலாம் போல இருந்தது. எழுந்தும் விட்டேன். அவள் கழுவி வைத்த தட்டையே எடுத்து மறுபடி கழுவுவதைப் பார்த்தேன். திரும்ப உட்கார்ந்தேன்.

“அந்தப் பாட்டு உங்கம்மாவுக்குப் பாடுனதில்ல. உனக்கே பாடிக்கினதான?”

குழாயை மூடினாள். “யார் சொன்னாங்க? ஆயம்மாக்காவா?”

“ஆமா.”

“அவங்களுக்குப் புரியும்னு எனக்குத் தெரியும் மிஸ். அடுப்பாண்ட நின்னுக்கினு என்னையே பாத்துக்கினு இருந்தாங்க. வந்து கேப்பாங்கன்னு நெனச்சேன். யாரும் வர்ல. நீங்கல்லாம் கை தட்டுனீங்க.” ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். “சரி போன்னு சொன்ன மாதிரி இருந்துச்சி.”

என் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். இந்த மாதிரி ஒன்றை வாங்கியதில்லை. அவள் திட்டக்கூட இல்லை. நடந்ததைச் சொன்னாள்.

எப்போது, எப்படி என்று கேட்டேன். அதையும் கேட்கத்தான் வேண்டும். சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை என்று முடிவு செய்திருந்தாள் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

“ஏன்டா கண்ணு?”

“எங்கம்மா செத்தது திங்கக்கிழமை. எனக்கு சொன்னது சனிக்கிழமை.”

“இன்னா சொல்ற?”

“பத்தாவது பரீச்சை நடந்துக்கினு இருந்துச்சில்ல மிஸ். படிப்பு கெட்டுடும்னு எங்கப்பாவும் அப்ப நான் இருந்த ஆஸ்டல்காரங்களும் பேசி வெச்சிக்கினு சொல்லாம வுட்டுட்டாங்க. நடுவுல ரெண்டு பரீச்சை எழுதுனேன். சயின்சு ஈசியா இருந்துச்சி. வெளிய வந்து புள்ளைங்களோட ஐஸ் வாங்கித் தின்னேன், சிரிச்சிக்கினு இருந்தேன். அப்ப எங்கம்மாவப் பொதச்சி ரெண்டு நாளு ஆயிருந்துச்சி.” குழாயைத் திறந்து, மறுபடி மூடினாள். “அதுல எழுவத்தெட்டு மார்க்கு மிஸ்.”

எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. பரீச்சை சமயத்தில் சாவை மறைப்பதை எல்லாரும் நல்ல காரியமாகத்தான் நினைக்கிறார்கள். நானே ஒரு பெண் விஷயத்தில் அதற்குத் தலையாட்டியிருக்கிறேன்.

“அப்பா வந்து பாக்கறாரா?”

“செப்டம்பர்ல, காப்பரீச்சை லீவுல ஒருதபா வந்தாரு. ஆஸ்டல் கேட்டாண்ட நின்னு முறுக்குப் பைய குடுத்துட்டு, தரையப் பாத்துக்கினே போய்ட்டாரு. பொங்கலுக்கு வராத, வூட்ல யாரும் இல்லன்னு வார்டன் போனுக்குச் சொல்லிட்டாரு. அவருக்கு என்னப் புடிக்கல மிஸ். எங்கம்மா இல்ல, அவரும் இல்லன்னா நான் யாருக்கு?”

நான் அவள் தோளைக் கட்டிக்கொண்டேன். கை தட்டினதுக்கு என்னை மன்னிச்சிடு என்றேன். உன்னை இனிமேல் ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடப்போவதில்லை, இதை நான் ரகசியமாகவும் வைத்திருக்க முடியாது என்றும் சொன்னேன். அவள் கழுவின தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். ஆயம்மாள் வந்து மறுபக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

வார்டனிடம் சொல்லி, மற்ற பெண்களை அவர் பொறுப்பில் விட்டேன். அவள் அப்பா அம்மாசியின் நம்பருக்கு நாலு முறை அடித்தேன். எடுக்கவில்லை. அடுத்து தனசேகரன் சாருக்கு அடித்தேன்.

“பாரதி, எவ்ளோ பேர் பாத்திருக்காங்க தெரியுமா? அடுத்த மாசம் நம்ம விழாவுல அந்தப் பொண்ண மேடை ஏத்தி...”

“சார், வீடியோவ எடுங்க. இப்பவே எடுங்க.”

“ஏன், இன்னா ஆச்சி?”

“அந்தப் பொண்ணு தன் சாவுக்குத் தானே பாடிக்கிச்சி சார். அத நாம ஊருக்கெல்லாம் அனுப்பிட்டோம்.” கத்திவிட்டேன். தொண்டைவலியில் பாதி சத்தம்தான் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

“நானும் அந்தப் பாட்ட மூணு தபா போட்டுக் கேட்டேனே பாரதி. எனக்கும் தெரியலியே” என்றார். பிறகு எடுத்துவிட்டார். அதற்குள் யார் யாருக்குப் போயிருந்ததோ.

கூடத்துக்காரர் ஒரு ஜீப் பிடித்துக் கொடுத்தார். நடுவில் எழில்மதி, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஆயம்மாள். மலை இறங்குகிற வளைவுகளில் அவள் என்மேல் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். எத்தனை நாள் தூங்கவில்லையோ. கச்சிராயபாளையத்தில் எங்கள் தெருமுனையைத் தாண்டியபோது, இறங்கிப் போய்ப் படுத்துவிட மாட்டோமா என்று எனக்கு இருந்தது. அவ்வளவு அசதி. சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மணி ஐந்தரை. என்னைவிட வயதில் சின்ன டாக்டரம்மா ஒருவர், நான் நாலு வருடமாகக் கேட்கப் பயந்த கேள்விகளையெல்லாம், காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டார். எழில்மதியும் பதில் சொன்னாள். இரண்டு மூன்று நாள் இங்கேயே இருக்கட்டும், கூடவே ஆள் இருக்க வேண்டும் என்று சொல்லிக் கட்டில் கொடுத்தார்கள்.

மறுபடி அவள் அப்பாவுக்குப் போன் அடிக்க வராந்தாவுக்கு வந்தேன். எதிரே ஒரு ஆள் வந்தார். கைலி, தலையில் துண்டு, உடம்பெல்லாம் காய்ந்த கரும்புச் சோகையின் தூசி, முழங்கை வரைக்கும் கீறல்.

“எழில்மதின்னு ஒரு பொண்ணும்மா, மலைலேர்ந்து இட்டாந்திருக்காங்கன்னு வார்டன் சொன்னாங்க.”

“நீங்க?”

“அம்மாசி. அவ அப்பன்.”

எங்கிருந்து எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், “உங்க பொண்ணுக்கு மனசு சரியில்லைங்க...” என்று இழுத்தேன்.

“தெரியும்மா. டிராக்டர் ஓட்ற பையன் போன்ல பாட்டு வந்துச்சி. உம் பொண்ணு இன்னா அருமையா பாடுது பாருன்னு போட்டுக் காட்னான். மொத அடி கேட்டேன். அரிவாள அங்கியே போட்டுட்டு, அந்தப் பையன் போன்ல வார்டனக் கேட்டுக்கினு பஸ் ஏறிட்டேன். என் போனு வூட்லியே கெடக்குது.” வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். “பதினெட்டு வருசம் அவகூட குடும்பம் பண்ணவன். எந்தப் பாட்டு யாருக்குப் பாடுறதுன்னு எனக்குத் தெரியாதாம்மா?”

அவரை உள்ளே கூட்டிப் போனேன். எழில்மதி பார்த்தாள். பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் கால்மாட்டில் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவள் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அம்மா மூஞ்சி எப்டி இருந்துச்சி?”

அம்மாசி என்னைப் பார்த்தார். “சொல்லுங்க” என்றேன்.

“நல்லாதாம்மா இருந்துச்சி. தூங்குற மாதிரி.”

“பொய் சொல்லாத.”

அவர் துண்டைக் கையில் முறுக்கினார். “வாய் கொஞ்சம் தொறந்துக்கினு இருந்துச்சி. துணி வெச்சிக் கட்னாங்க. நெத்தில பெருசா பொட்டு வெச்சாங்க. மூஞ்சில இந்தப் பக்கம் மண்ணு ஒட்டியிருந்துச்சி, நான்தான் தொடச்சேன்.”

“இன்னா சேல?”

“அந்த ஊதாச் சேல. தீவாளிக்கு எடுத்தமே.”

“யாரு பாடுனாங்க?”

அவர் முறுக்கிய துண்டைப் பிரித்துத் தோளில் போட்டார். எழில்மதி திரும்பி எழுந்து உட்கார்ந்தாள். “யாரு பாடுனாங்கன்னு கேக்கறன்ல?”

“யாரும் பாடலம்மா.”

“யாருமேவா?”

“சுத்துப்பட்டுல எந்த வூட்ல சாவுன்னாலும் அவதான போய்ப் பாடுவா. அவளுக்குப் பாட யாரு இருக்காங்க? பொம்பளைங்க வந்தாங்க, கட்டிப் புடிச்சி அழுதாங்க. பாட்டு யாருக்கும் வர்ல. சும்மாவே தூக்கினு போனோம்.” அவர் உதடு கோணிக்கொண்டது. “அவ பாட்டு அத்தினியும் தெரிஞ்சவ நீ ஒருத்திதான். நீ அங்க பரீச்சை எழுதிக்கினு இருந்த. நான்தாம்மா சொல்ல வேணாம்னேன். நீ படிச்சிட்டா இந்தக் கரும்புக் கொல்லைக்கு வரமாட்டியேன்னு நெனச்சிட்டேன். தப்பு பண்ணிட்டேன். அன்னிலேர்ந்து உன் மூஞ்சியப் பாக்கவே எனக்கு தகிரியம் இல்ல.”

எழில்மதி கட்டிலிலிருந்து இறங்கினாள். அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். குத்திக் குத்தி, பத்து மாதமாக யாருக்கும் காட்டாத அழுகையை அழுதாள். வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஓடிவந்து சத்தம் போடாதீங்க என்றார். “கொஞ்ச நேரம் வுடுங்க சிஸ்டர், கையெடுத்துக் கும்புடறேன்” என்றேன். அம்மாசி கையைத் தடுக்கவே இல்லை. ஆயம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

அழுகை ஓய்ந்து, தண்ணீர் குடித்து, கட்டிலில் உட்கார்ந்தாள். தலைமயிர் முகத்தில் ஒட்டியிருந்தது.

“அம்மாவுக்கு நான் பாடணும்” என்றாள்.

“பாடு கண்ணு.”

“இங்க இல்ல. அம்மாவ வெச்ச எடத்துல.”

“போலாம். டாக்டரம்மா வுட்டதும் வெள்ளிக்கிழமை இட்டுனு போறேன்.”

“வெள்ளிக்கிழமை பாடுவாங்களா யாராச்சும்? அதுகூடத் தெரியல உனக்கு. புதங்கெழம போலாம்.”

“புதங்கெழம வெட்டு இருக்குதேம்மா. மேஸ்திரி வுடமாட்டான்.”

“அப்ப வியாழக்கிழமை.”

“வியாழக்கிழமையும் வெட்டுதான்.”

“வியாழக்கிழமைதான்” என்றாள் எழில்மதி, மூக்கை உறிஞ்சியபடி, கோபமாக.

நான் சுவரில் சாய்ந்து நின்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலைக்கு அப்புறம் நாளே வேண்டாம் என்றிருந்தவள், வியாழக்கிழமைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“சரிம்மா. வியாழக்கிழமையே போலாம்” என்றார் அம்மாசி.